லோகோ விளக்க வேண்டாம், அடையாளம் காட்டினால் போதும்

கேள்வி இதுதான்: "டிசைன் கற்றுக்கொள்ள ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. நண்பர் ஒருவர் தொடங்கும் நிறுவனத்துக்கு லோகோ செய்து தரச் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது? செய்தது நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

இப்போதைக்குக் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். தாளும் பேனாவும் போதும். அதற்கும் முன்னால் ஒரு விஷயம் மனதில் தெளிவாக வேண்டும். லோகோ என்பது நிறுவனத்தின் முகம். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்கிறோம். அவர் என்ன படித்தார், எங்கே வேலை செய்கிறார் என்பதெல்லாம் முகத்தில் எழுதியிருப்பதில்லை. பழகப் பழகத்தான் தெரிகிறது. லோகோவும் அப்படித்தான். பார்த்தவுடன் "அட, இது அவங்களோடது" என்று தோன்றிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நிறுவனம் செய்யும் தொழில், நிறுவனரின் கனவு, வளர்ச்சிக்கு மேல்நோக்கிய அம்பு, உலகமெங்கும் போவதைக் காட்ட ஒரு பூமி உருண்டை, ஒற்றுமைக்குக் கோத்த கைகள் என்று எல்லாவற்றையும் இரண்டு அங்குல இடத்துக்குள் அடைக்கப் பார்ப்பார்கள். என் ஆரம்ப கால வேலைகளும் அப்படித்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அர்த்தம் சொல்ல முடியும், ஆனால் மொத்தத்தில் எதுவும் நினைவில் நிற்காது.

ஆப்பிள் நிறுவனமே இந்த வழியில் போய்விட்டுத் திரும்பியதுதான். 1976-இல் ரொனால்ட் வேய்ன் வரைந்த முதல் லோகோவில் நியூட்டன் மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார், தலைக்கு மேல் ஆப்பிள் தொங்கும், சுற்றிலும் சட்டம், சட்டத்தில் எழுத்து, பெயர் எழுதிய ரிப்பன். புத்தகத்தில் வரும் செதுக்கோவியம் போல அழகான படம்தான். ஆனால் கம்ப்யூட்டரின் மேல் சிறியதாக அச்சடித்தால் ஒரு கறை போலத்தான் தெரியும். அடுத்த ஆண்டே ராப் ஜனாஃப் என்ற வடிவமைப்பாளர் ஆப்பிளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஓரத்தில் ஒரு கடி வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: சிறிய அளவில் பார்த்தால் செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக. ஊரெல்லாம் அந்தக் கடிக்கு என்னென்னவோ தத்துவ விளக்கம் சொல்கிறது. வரைந்தவருக்கு இருந்தது, சின்னதாகப் பார்த்தால் என்னவாகத் தெரியும் என்ற கவலை. இந்தக் கவலை உங்களுக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

சரி, நண்பரிடம் என்ன கேட்பது? "உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். லோகோ எங்கெங்கே வரப்போகிறது என்று கேளுங்கள். செல்போன் செயலியின் ஐகானாகவா, சட்டையில் எம்பிராய்டரியாகவா, வண்டியின் பக்கவாட்டிலா, ரப்பர் ஸ்டாம்பிலா? இந்தப் பதில்களே பாதி டிசைனைத் தீர்மானித்துவிடும். ஊசியால் தைக்கும்போது மெல்லிய கோடுகள் தங்காது. ஸ்டாம்பில் ஒரே மைதான். அப்புறம், அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களின் லோகோக்களை எல்லாம் ஒரே பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். பத்தில் எட்டு நீலமாக இருந்தால், எட்டிலும் ஒரே மாதிரி உருவம் இருந்தால், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். கடைசியாக, வாடிக்கையாளர் தன் நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதை ஒரே சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். மூன்று சொல் சொன்னால் இரண்டை அடிக்கச் சொல்லுங்கள். எதை அடிப்பது என்று அவர் தயங்கும் நேரத்தில்தான் உங்களுக்குத் தேவையானது வெளியே வரும்.

இனி வரைவதற்கு வருவோம். இதை வெறும் அறிவுரையாகச் சொல்வதைவிட, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் செய்து காட்டும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். பழைய புத்தகங்களைப் பிரித்து, தைத்து, புது அட்டை போட்டுத் தரும் ஒரு பைண்டிங் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பெயர் 'ப' என்ற எழுத்தில் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் முப்பது சின்னச் சின்ன ஸ்கெட்ச் போட வேண்டும், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. அழிப்பான் கிடையாது.

முதல் பத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் வரைவார்கள்: திறந்த புத்தகம், ஊசியும் நூலும், அடுக்கி வைத்த புத்தகங்கள், புத்தகத்திலிருந்து பறக்கும் பறவை. இவை மனதின் மேல்தட்டில் கிடப்பவை, எல்லோர் மனதிலும் கிடப்பவை. அவற்றை வெளியே கொட்டினால்தான் அடுத்தது வரும். அதனால்தான் முப்பது கேட்கிறேன். பதினைந்தாவது, பதினாறாவதுக்கு மேல் கை சோர்ந்து, கண் வேறு எதையாவது தேட ஆரம்பிக்கும். அப்போது யாராவது ஒருவர் கவனிப்பார்: 'ப' என்ற எழுத்தே ஒரு புத்தக அட்டைதான். முதுகு கீழே இருக்கும்படி புத்தகத்தை நிறுத்தி வைத்து ஓரத்திலிருந்து பாருங்கள். கீழே முதுகு, இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் அட்டைகள். பெயரின் முதல் எழுத்தும் செய்யும் தொழிலும் ஒரே வடிவத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. எப்போதும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். தேடினால் அமையும் வாய்ப்பு நிறைய.

இதோடு வேலை முடிவதில்லை, இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெறும் 'ப' போட்டால் அது எழுத்தாக மட்டும்தான் தெரிகிறது. புத்தகம் என்று ஒரு சின்னக் குறிப்பாவது வேண்டும். உடனே கைகள் உள்ளே தாள்களை வரையும், ஐந்தாறு மெல்லிய நெடுங்கோடுகளாக. பெரிதாகப் பார்க்க அழகாக இருக்கும். அதையே செல்போனில் சிறிதாக்கிப் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறத் திட்டாகிவிடும். சரி, ஆறு கோடுகளையும் சேர்த்து ஒரே கட்டியாக்குவோம். அட்டைக்கும் அந்தக் கட்டிக்கும் நடுவில் இடைவெளி விடுவோம். உயரத்தையும் அட்டையைவிடக் கொஞ்சம் குறைப்போம், கெட்டி அட்டைப் புத்தகத்தில் தாள்கள் அட்டைக்குள் அடங்கித்தானே இருக்கும்? இப்போது அது 'ப', அதுவே ஒரு புத்தகம்.

அந்த இடைவெளி எவ்வளவு என்பதை மனம்போனபடி வைக்க முடியாது. பிரவுசர் தாவலில் வரும் ஐகானின் அடிப்படை அளவு 16 பிக்சல். அந்த அகலத்தைப் பிரித்துப் பாருங்கள்: ஓரத்தில் 1, அட்டை 2, இடைவெளி 2, தாள்கட்டி 6, இடைவெளி 2, அட்டை 2, ஓரத்தில் 1. சரியாக 16. அட்டையும் இடைவெளியும் ஒரே அளவில் இருப்பதால் சின்ன அளவிலும் வெள்ளை மறையாமல் நிற்கிறது. சின்ன அளவில் இந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டு, பிறகு பெரிதாக்குங்கள். தலைகீழாகப் போனால், பெரிதாக வரைந்ததைச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று உடையும்.

இன்னொரு ஆசையும் வரும். புத்தக முதுகு கொஞ்சம் வளைந்துதானே இருக்கும், கீழே வளைத்துவிடுவோமே என்று. வளைத்துப் பாருங்கள், உடனே அது ஆங்கில 'யு' ஆகிவிடும். 'ப'வுக்கு உயிர் அந்த மூலைகளில் இருக்கிறது. மூலையைக் கூர்மையாகவே விட்டுவிட வேண்டியதுதான். எந்த எழுத்தைத் தொட்டாலும், எது மாறினால் அது வேறு எழுத்தாகிவிடும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கண் செய்யும் விளையாட்டு. 'ப'வின் மூன்று கோடுகளையும் அளவுகோல் வைத்து ஒரே தடிமனில் போட்டால், கீழே இருக்கும் படுக்கைக் கோடு தடித்ததாகத் தெரியும். நம் கண் அப்படித்தான் பார்க்கிறது. அதனால் படுக்கைக் கோட்டை ஒரு மயிரிழை மெலிதாக்க வேண்டும், அப்போதுதான் மூன்றும் சமமாகத் தோன்றும். இதேபோல, ஒரே உயரமுள்ள வட்டத்தையும் சதுரத்தையும் பக்கத்தில் வைத்தால் வட்டம் சிறியதாகத் தெரியும். எழுத்து வடிவமைப்பவர்கள் ஆங்கில 'ஓ' போன்ற வட்ட எழுத்துகளை மேலும் கீழும் கொஞ்சம் நீட்டிவிடுவது இதற்காகத்தான். வட்டத்துக்குள் முக்கோணத்தைக் கணக்குப்படி நடுவில் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தது போலிருக்கும். மென்பொருளில் 'நடுவில் வை' என்ற பட்டன் இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் அதன் பேச்சைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குச் சரியாகப் படும்வரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இதுதான். அரை பிக்சல் நகர்த்தியதும் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து அமரும் ஒரு கணம் உண்டு.

உருவம் கட்டாயம் வேண்டுமா என்றும் யோசியுங்கள். பெயர் சுருக்கமாகவும் வித்தியாசமாகவும் இருந்தால், பெயரை நன்றாக எழுதினாலே போதும். கோகோ கோலாவின் கணக்கர் ஃபிராங்க் ராபின்சன் 1880-களில், அன்றைக்கு வணிகக் கடிதங்களில் புழங்கிய ஸ்பென்சீரியன் சாய்வெழுத்தில் அந்தப் பெயரை எழுதினார். அது இன்னும் அடிப்படையில் அதே எழுத்துதான். ஃபெடெக்ஸ் லோகோவும் வெறும் பெயர்தான். 1994-இல் லின்டன் லீடர் அதைச் செய்தபோது, 'இ', 'எக்ஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடம் வலப்பக்கம் பார்க்கும் அம்பாக அமைந்தது. இருக்கும் ஃபான்ட்டைத் தட்டச்சு செய்தால் அந்த அம்பு தெளிவாக வராது. எழுத்துகளின் உயரத்தையும் நெருக்கத்தையும் மாற்றி வரைந்துதான் அதைக் கொண்டுவந்தார். மை படாத இடமும் வடிவம்தான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எழுத்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்வதற்குக் கெர்னிங் என்று பெயர். இதற்கு ஒரு எளிய வழி உண்டு: பெயரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வாசிக்க முடியாதபோது கண் வடிவங்களை மட்டும் பார்க்கும், எங்கே ஓட்டை விழுகிறது, எங்கே நெருக்குகிறது என்பது சட்டென்று தெரியும். தமிழில் பெயர் எழுதுவதென்றால் கூடுதல் கவனம் தேவை. 'ண', 'ஞ', 'ஐ' போன்ற எழுத்துகளின் சுழிகள் சின்ன அளவில் மை நிரம்பி அடைத்துக்கொள்ளும். ஃபான்ட்டின் மிகத் தடித்த வகையை எடுக்காமல், சுழிகள் திறந்திருக்கும் நடுத்தர வகையை எடுங்கள். புள்ளிகளையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். இரண்டு மொழியில் பெயர் வேண்டுமென்றால், ஒன்றைச் செய்து முடித்துவிட்டு மற்றதை அதன் கீழே ஒட்டாதீர்கள். இரண்டையும் முதல் ஸ்கெட்சிலிருந்தே சேர்த்து வரையுங்கள். எந்த ஃபான்ட்டானாலும், அதை லோகோவில் வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமம் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் பல சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான்.

நிறத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். வடிவம் கறுப்பு வெள்ளையில் நிற்காவிட்டால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது. 1961-இல் உலக வனவிலங்கு நிதியம் பாண்டாவைத் தேர்ந்தெடுத்தபோது, அழிந்துவரும் விலங்கு, எல்லோருக்கும் பிடித்த விலங்கு என்பதோடு, கறுப்பு வெள்ளையில் எடுபடும், அச்சுச் செலவு குறையும் என்பதும் ஒரு காரணமாக இருந்தது. அதைச் சொன்னவர் லோகோவை வடிவமைத்த பீட்டர் ஸ்காட். இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் அந்தப் பாண்டாவின் முதுகுக்குக் கோடே கிடையாது. உற்றுப் பாருங்கள். காதும் கண்ணும் மூக்கும் காலும் மட்டும் கறுப்பு, மீதியை நம் கண்ணே பூர்த்தி செய்துகொள்கிறது.

நிறம் சேர்க்கும்போது ஒன்று, அதிகம் போனால் இரண்டு. திரையில் மின்னும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கிவிடும். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் வேலை செய்கிறது, அச்சு நான்கு மைகளில் வேலை செய்கிறது, இரண்டும் தொடும் நிறங்கள் ஒன்றல்ல. அதனால் நிறத்தை முடிவு செய்யும் முன் ஒருமுறை தாளில் அடித்துப் பார்த்துவிடுங்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்கள் நிறைய உண்டு, குறிப்பாக ஆண்களிடம். லோகோவின் கருத்தே அந்த இரண்டு நிறங்களின் வேறுபாட்டில் தொங்கக் கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும். "பிடிச்சிருக்கா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஐந்து நொடி காட்டிவிட்டு மூடிவிடுங்கள். மறுநாள் அவரிடம் தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. முக்கியமான அந்த ஒன்று, நம் பயிற்சியில் என்றால் 'ப'வுக்குள் இருக்கும் கட்டி, அதில் வந்துவிட்டதா என்று பாருங்கள். அவர் எதை மறந்தாரோ, அதை எடுத்துவிட்டாலும் லோகோவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அப்புறம், அறையின் மறுகோடியில் ஒட்டி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகப் போட்டுப் பாருங்கள். மற்றவர்களின் லோகோக்களை ஒட்டி வைத்த அந்தப் பக்கத்தில் உங்களுடையதையும் வைத்து, கண் முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள்.

வேறு யாருடையதைப் போலாவது இருக்கிறதா என்றும் தேட வேண்டும். இணையத்தில் படத்தை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது, நாடுகளின் வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவேடுகளிலும் தேடலாம். பிரிட்டனில் 1876 ஜனவரி 1 அன்று முதல் வணிகக்குறியாகப் பதிவானது பாஸ் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். அவ்வளவு எளிய வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் காலம் அன்றே போய்விட்டது. ஆயத்தமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட் லோகோக்களை நான் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அதே உருவத்தை இன்னும் எத்தனை பேர் எடுத்திருப்பார்களோ, அது நண்பரின் நிறுவனத்துக்கு மட்டும் உரிய அடையாளமாக ஆகவே முடியாது.

நண்பரிடம் காட்டும்போது பத்து காட்டாதீர்கள். பத்து காட்டினால், மூன்றாவதின் எழுத்தை ஐந்தாவதின் உருவத்தோடு சேர்த்துத் தரச் சொல்வார். பெயர்பெற்ற லோகோ வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு ஒன்றே ஒன்றுதான் செய்து கொடுத்தார், அது எப்படி வந்தது என்று விளக்கும் கையேட்டோடு. அந்தத் துணிச்சல் முதல் வேலையிலேயே வராது. இரண்டு காட்டுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். வெள்ளைத் தாளில் தனியாகக் காட்டாமல் விசிட்டிங் கார்டிலும் செல்போன் திரையிலும் வைத்துக் காட்டுங்கள். முதலில் கறுப்பில்.

அவர் முகத்தில் பெரிய பரவசம் தெரியாவிட்டால் மனம் உடைந்துபோகாதீர்கள். நைக்கியின் அந்த வளைகோட்டை 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார். நிறுவனர் ஃபில் நைட்டுக்கு அன்று அதன்மேல் பெரிய ஈர்ப்பு இல்லை, போகப் போகப் பிடிக்கலாம் என்ற அளவில்தான் ஏற்றுக்கொண்டார். அந்தக் கோட்டில் இன்று நாம் பார்க்கும் வேகமும் வெற்றியும் பல ஆண்டுப் புழக்கத்தில் சேர்ந்தவை. மாஸ்டர்கார்டு 2019-இல் தன் பெயரையே எடுத்துவிட்டு இரண்டு வட்டங்களை மட்டும் வைக்க முடிந்ததும், அதற்கு முன் அரை நூற்றாண்டு அந்த வட்டங்கள் பெயரோடு சேர்ந்தே சுற்றியதால்தான். உங்கள் நண்பரின் லோகோவில் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

ஒப்புக்கொண்ட பிறகு கோப்புகள். கடைசி வடிவத்தை வெக்டரில் வரையுங்கள், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடுகளாக. இல்லஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் இல்லாவிட்டால் இன்க்ஸ்கேப் இலவசம், இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். வளைவுகளை இழுத்துப் பிடிக்கும் புள்ளிகளை எவ்வளவு குறைவாக வைக்கிறீர்களோ அவ்வளவு வழவழப்பாக வரும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறக்கும்போது பெயர் வேறு எழுத்தில் வந்து நிற்கும். எஸ்விஜி, பிடிஎஃப், பின்னணி இல்லாத பிஎன்ஜி என்று மூன்று வகையிலும், நிறத்தில், முழுக் கறுப்பில், முழு வெள்ளையில் எனக் கொடுங்கள். உருவம் மட்டும் தனியாக ஒன்று, பெயரோடு சேர்ந்து ஒன்று. கூடவே ஒரே ஒரு பக்கக் குறிப்பு: நிறங்களின் எண்கள், எவ்வளவு சிறிதாக்கலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும். நம் 'ப'வுக்கு அந்த இடம் தாள்கட்டியின் அகலம் என்று எழுதிவிட்டால், போர்டு எழுதுகிறவர் உங்களுக்குப் போன் செய்து கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.